அச்சில் நான் கொன்ற அம்மா

அந்தக் கடிதம் வந்தபோது நான் அச்சாபீஸில் நின்றபடி கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் குழந்தைகள் பத்திரிகையின் அச்சாபீஸ். மாதம் ஒரு இதழ். அன்றைக்கு இதழ் அச்சாகி, மடித்து, தைத்து, விலாசம் ஒட்டி, மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. மறுநாள் காலை தபாலுக்குப் போக வேண்டும். அறை முழுக்க மையும் மைதாப் பசையும் சேர்ந்த புளித்த வாசனை. என் தொடர்கதை அந்த இதழோடு முடிந்திருந்தது. முற்றும் போட்ட அன்றைக்கு எனக்கு நானே கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துக்கொள்வது என் வழக்கம். வேறு யார் வாங்கித் தருவார்கள்?

முதலாளி ஒரு உறையை நீட்டினார். "மாமாவுக்கு வந்திருக்கும்மா."

மாமா என்பது நான்தான். அது ஒரு தனிக் கூத்து, பிறகு சொல்கிறேன்.

நோட்டிலிருந்து கிழித்த காகிதம். பென்சில் எழுத்து, ஒவ்வொன்றும் ஆணி அடித்த மாதிரி அழுத்தி எழுதியது. சங்ககிரிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட விலாசம்.

"மாமா அவர்களுக்குப் பாவாயி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். அங்கு தங்கள் நலமறிய ஆவல். நான் நாலாம் வகுப்பு. நீங்கள் கதையில் சொன்னது போல எங்கள் கிடாய்க்கு எண்ணெய் தடவினேன். அது துலுக்கவில்லை. சாமி எங்களை வேண்டாம் என்று விட்டுவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். அம்மா அன்றிலிருந்து சோறு உண்பதில்லை. மருந்தும் உண்பதில்லை. எண்ணெய் தடவியது யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் கதையில் அம்மா பிழைத்துக்கொள்வாளா? உடனே பதில் போடவும்."

யாவரும் நலமாம்! கடிதம் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்திருப்பார். குழந்தை அந்த விதியை மட்டும் மீறவில்லை.

மிட்டாய் என் வாயில் அப்படியே நின்றுவிட்டது. மூலையில் கட்டிக் கிடந்த இதழில், என் கதையின் கடைசி அத்தியாயத்தில், அந்த அம்மா செத்துப்போகிறாள். சாகடித்தவள் நான்.

மீசை நடுத்தரம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரருக்கு ரயிலில் உத்தியோகம். சூரமங்கலத்தில் குடியிருந்தோம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். பிள்ளைகளை உட்கார வைக்கக் கதை சொல்லிப் பழகியவள், கல்யாணத்துக்குப் பிறகு உட்கார வைக்க ஆளில்லாமல் காகிதத்தில் எழுத ஆரம்பித்தேன்.

முதல் கதையை வாங்கிப் படித்த முதலாளி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பொம்பளை பேரைப் போட்டா சமையல் குறிப்புன்னு புரட்டிட்டுப் போயிடுவாங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்து என்ன செய்ய? கதை அச்சில் வர வேண்டும் என்ற ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவரே "குடை மாமா" என்று ஒரு பேர் வைத்து, குடை பிடித்த ஒரு மீசைக்காரர் படத்தையும் பக்கத்தில் போட்டுவிட்டார்.

குழந்தைகள் கடிதம் எழுதினார்கள். மாமா, உங்கள் மீசை எவ்வளவு நீளம்? நடுத்தரம் என்று பதில் போட்டேன். என் வீட்டுக்காரருக்கு இது போதாதா? "மாமாவுக்கு இன்னும் ரெண்டு இட்டிலி வைக்கட்டுமா?" என்று ஆரம்பித்தால் சாப்பாடு முடிகிறவரை விட மாட்டார்.

குழந்தைகளுக்கு எழுதுவதில் என்ன கிடைத்தது என்று இப்போது கேட்கிறார்கள். ஒரு பெண் உறையில் குன்றிமணி போட்டு அனுப்பினாள். ஒரு பையன் மயிலிறகு அனுப்பினான், தபாலில் மடிந்து வந்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருத்தி தன் பால்பல்லை அனுப்பியிருந்தாள், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி. பல வருஷம் வைத்திருந்தேன். எந்தப் பட்டயமும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

ஆனால் அவர்களிடம் ஒரு தொந்தரவும் உண்டு. சொன்னதைச் செய்து பார்ப்பார்கள். திருச்செங்கோட்டு மலை உச்சியில் ஏறினால் தூரத்தில் கடல் தெரியும் என்று ஒரு கதையில் அளந்துவிட்டேன். ஒரு பையன் ஏறிப் பார்த்துவிட்டே எழுதினான். "தெரியவில்லை. மூன்று தடவை பார்த்தேன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்காரரிடம் காட்டி இன்னொரு தடவை சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லையே!

துலுக்கு

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை எடுத்தவுடன் வெட்டிவிட மாட்டார்கள். கோயில் முன்னால் நிறுத்தி, பூசாரி அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். கிடாய் தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை ஒரு உதறு உதற வேண்டும். அதுதான் துலுக்குவது. துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் வெட்டக் கூடாது. மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசிவரைக்கும் துலுக்கவே இல்லை என்றால் அந்தக் குடும்பத்தின்மேல் சாமிக்கு ஏதோ குறை என்று பேச்சு ஆரம்பித்துவிடும்.

ஒரு தொடர்கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தண்ணீர் தெளிக்கிறார் பூசாரி, துலுக்குமா துலுக்காதா, தொடரும் என்று போட்டால் ஒரு மாதம் குழந்தைகள் தூங்க மாட்டார்கள். விடுவேனா நான்?

கதை இதுதான். நோயில் கிடக்கும் ஒரு அம்மா. அவளுக்காக நேர்ந்துவிட்ட கிடாய். அந்தக் கிடாயை உயிராக வளர்த்த மகள். கிடாயைக் காப்பாற்ற அவள் ஒரு தந்திரம் செய்கிறாள். அதன் முதுகு முழுக்க விளக்கெண்ணெயைத் தடவிவிடுகிறாள். தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடிவிடுகிறது. கிடாய்க்குக் குளிரவில்லை, துலுக்கவில்லை.

நான் என் ஜென்மத்தில் ஒரு ஆட்டைத் தொட்டதில்லை. என் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது முதுகில் அது முத்து முத்தாக உருண்டதைப் பார்த்தேன். அங்கிருந்து பிடித்ததுதான் இந்தத் தந்திரம். அச்சுக் கோக்கிறவர் அதைப் படித்துவிட்டு, "இது நடக்குங்களாம்மா?" என்று கேட்டார்.

"குழந்தைங்க படிக்கிற கதைதானே? யார் செஞ்சு பார்க்கப் போறாங்க?" என்றேன்.

அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பளாரென்று அறைய வேண்டும் போல இருக்கிறது.

முதலாளிக்கு வேறு கவலை. "சாமியை ஏமாத்தினவளைச் சும்மா விட்டா பெத்தவங்க பத்திரிகையை நிறுத்திடுவாங்க. நீதி வேணும். அப்படியே கொஞ்சம் அழவும் வைங்க." அம்மாவைக் கொன்றால் நீதியும் ஆயிற்று, அழுகையும் ஆயிற்று. ஒரே கல். உட்கார்ந்து கொன்றேன். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. அதை நல்ல எழுத்துக்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கினாலும்தான் கண்ணீர் வருகிறது.

கட்டிலிருந்து உருவிய ஒன்று

கடிதத்தை முதலாளியிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷர், கல்நெஞ்சர் இல்லை.

"இதழை நிறுத்துங்க. கடைசி அத்தியாயத்தை மாத்தி எழுதித் தரேன்" என்றேன்.

"காகிதம் எங்கேம்மா? சர்க்கார் அளந்து கொடுக்கிற காகிதம். இந்த மாசத்துக்கு உள்ளது அவ்வளவும் அந்த மூலையில கிடக்கு. இதைத் தூக்கிப் போட்டா இதழே கிடையாது."

"ஒரு உயிருங்க!"

"ஒரு புள்ளைக்குத்தானே? அந்தப் புள்ளைக்குப் பதில் எழுதுங்க."

"நான் எழுதற பதிலும் இந்த இதழும் ஒரே தபால் பையில போகும். எது முதல்ல கையில கிடைக்கும்னு நீங்க சொல்லுங்க."

நானும் கத்தினேன், அவரும் கத்தினார். அச்சுக் கோக்கிறவர் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். கடைசியில் நானே போய்க் கட்டுகளைப் பிரித்தேன். சங்ககிரிக் கட்டுக்குள் அந்தப் பள்ளிக்கூடத்து விலாசம் ஒட்டிய பிரதியைத் தேடி உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதலாளி சுவரில் தொங்கிய நாள்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வேறொரு முடிவு எழுதினேன். அதில் அம்மா பிழைக்கிறாள். சாமி சிரிக்கிறது. கிடாயும் பிழைக்கிறது. ஆறு பக்கம். குழம்பு அடிப்பிடித்தது.

என் வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்தார். அன்றைக்கு அவர் கேலி ரொம்ப நேரம் வரவில்லை. "காலையில முதல் பஸ்ஸுக்குப் போயிடு. குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை. "குடையை மறந்துடாதீங்க, மாமா."

காதை நான் சொல்லவில்லை

பெட்ரோல் கிடைக்காத நாட்கள். பஸ்களுக்குப் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு தகரப் பீப்பாயைக் கட்டிக் கரிப் புகையில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். சங்ககிரி போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை இறங்கினேன் என்று கணக்கில்லை. அங்கிருந்து கடலைக்காய் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வண்டியில் ஊர் எல்லைவரைக்கும் போனேன். முகமெல்லாம் கரி.

பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்திருந்தது. பாவாயியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாதா மாதம் பத்திரிகையை வகுப்பில் உரக்க வாசிப்பவள் அவள்தான். ஒல்லி. சீவாத தலை. பாவாடை முடிச்சில் பென்சில் செருகியிருந்தாள்.

"குடை மாமா வல்லீங்களா?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் குடை மாமா."

மேலும் கீழும் பார்த்தாள். "பொம்பளையாட்டம் இருக்கறீங்க."

"பொம்பளைதான், சாமி."

"அப்ப மீசை?"

"அது பொய்."

கொஞ்சம் யோசித்தாள். "எண்ணெய் மட்டும் நெசமுங்க" என்றாள்.

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சொன்னாள். அவள் அம்மா ராமாயிக்கு மூன்று வாரமாக முறைக்காய்ச்சல். ஊர்ச் சாமி கருப்பனாருக்கு நேர்ந்துகொண்டார்கள், காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. சுட்டிக் கிடாயைக் கோயிலுக்குக் கொண்டுபோக நாள் குறித்தார்கள். நெற்றியில் வெள்ளை இருந்ததால் அது சுட்டி. குட்டியிலிருந்து வளர்த்தது பாவாயிதான். அன்று விடியும் முன்னால் கட்டுத்தரையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கொட்டமுத்து எண்ணெயை எடுத்துத் தடவியிருக்கிறாள். எங்கள் பக்கம் ஆமணக்குக்கு அதுதான் பேர்.

"முதுவுல தடவுனனுங்க. காதுக்குள்ளாறயும் தடவுனனுங்க. நீங்க காதச் சொல்லவே இல்ல. காதுல தண்ணி பட்டாத்தான் ஆடு துலுக்கும். உங்களுக்கு அது தெரியலீங்களா?"

தெரியாது என்றேன். நான் எழுதிய தந்திரம் பலித்திருக்காது. இவள் திருத்திய தந்திரம் பலித்துவிட்டது.

விடியலிலிருந்து உச்சி வெயில்வரை தண்ணீர் தெளித்தார்களாம். சுட்டி அசையவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து சொன்னதும் ராமாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். "சாமிக்கே நான் வேண்டாமாக்கும்" என்று ஒரு வார்த்தை. அதன் பிறகு சோறு இல்லை, மருந்து இல்லை.

"ஏன் சாமி, உங்க அப்பாகிட்டயாவது உள்ளதைச் சொல்லலை?"

"சொன்னா சுட்டிய வெட்டிப்போடுவாங்க." கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "கதையில அம்மா பொழச்சுக்கிட்டா, சொல்ல வேண்டியதில்லைன்னு இருந்தனுங்க."

நான் பையிலிருந்து என் ஆறு பக்கங்களை எடுத்துக் கொடுத்தேன். விரல் வைத்து, முணுமுணுத்துப் படித்தாள். பாதிப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

"இது கையில எழுதுனது. எனக்கோசரம் எழுதுனதுங்களா?"

"ஆமா."

"அச்சுல என்ன போட்டிருக்குதுங்க?"

பொய் சொல்வது என் தொழில். அந்த நேரத்துக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அச்சுல அம்மா செத்துப்போறா, சாமி. நான் தப்பா எழுதிட்டேன்."

அவள் அழவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது. "எண்ணெய் தடவுனதாலயா?" என்றாள். கதை வேறு, நிஜம் வேறு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். யார் கேட்டார்கள்? அவள் எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். குடையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். வேலி முள்ளில் என் சேலை கிழிந்தது.

கட்டிலைச் சுற்றி

ராமாயி கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் புருஷன் காளியப்பன் கஞ்சிச் சட்டியோடு பக்கத்தில் குந்தியிருந்தார். ஆறடி ஆள். கெஞ்சிக் கெஞ்சிக் குரல் கம்மியிருந்தது.

பாவாயி வாசலிலிருந்தே கத்தினாள். "நாந்தான் எண்ணெய் பூசுனேன்! சாமி வேண்டாங்கல! காதுலயும் பூசிப்போட்டேன், அதான் துலுக்கல! நாந்தாம்மா!"

காளியப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து கையை ஓங்கினார். நான் எங்கிருந்து பாய்ந்தேனோ தெரியாது, நடுவில் நின்றேன்.

"அடிக்கணும்னா என்னை அடிங்க. இவளுக்குச் சொல்லிக்கொடுத்தவ நான்."

"நீங்க ஆருங்க?"

"குடை மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூஞ்சியெல்லாம் கரி, கிழிந்த சேலை, கையில் குடை. அவர் ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

கட்டிலில் ராமாயி திரும்பினாள். திரும்புவதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. "அப்ப கருப்பனாரு என்னைய வேண்டாங்கலியா?"

"இல்லம்மா" என்றாள் பாவாயி.

"எண்ணெய்க்குத்தான் துலுக்கலியா?"

"ஆமாம்மா."

ராமாயி கண்ணை மூடினாள். கண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. அப்புறம் புருஷனைப் பார்த்து, "அந்தக் கஞ்சியக் கொண்டாங்க" என்றாள்.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ராமாயி பிழைத்தாள். அந்த மாதமே எழுந்து நடந்தாள், பேரன் பேத்தி பார்த்தாள். உங்களை ஒரு மாதம் தொங்கவிட்டு எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. ஒரு தடவை பட்டது போதும்.

சுட்டி

இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார் காளியப்பன். பூசாரிக்கு ஆள் போயிற்று.

"அந்தக் கிடாய் இவளுக்கு உயிருங்க. விட்டுடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எனக்கு இவ உசுருங்க" என்று கட்டிலைக் காட்டினார்.

சுட்டியை எண்ணெய் போக அரப்புப் போட்டுக் கழுவியது பாவாயிதான். யாரும் அவளைச் சொல்லவில்லை. அவளாகத்தான் அரப்பைக் கரைத்து எடுத்துவந்தாள். எண்ணெய் எங்கெங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும்? காதை மடக்கி மடக்கித் தேய்த்தாள். கிடாய் அவள் கையை நக்கிக்கொண்டே நின்றது.

கோயில் முன்னால் பூசாரி முதல் சொம்புத் தண்ணீரைத் தெளித்தார். துலுக்கக் கூடாது, துலுக்கக் கூடாது என்று என் மனசு அடித்துக்கொண்டது. அடுத்த கணமே வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் ராமாயி நினைவு வந்தது. துலுக்கிவிடேன் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டும் சேர்ந்து நெஞ்சில் மோதினால் எப்படி இருக்கும் என்று என் கதை எதிலும் நான் எழுதியதில்லை.

சுட்டி இரண்டு காதும் படபடக்க ஒரு உதறு உதறியது. மஞ்சள் தண்ணீர் என் முகத்திலும் பாவாயி முகத்திலும் தெறித்தது. கூட்டம் குலவை போட்டது. பாவாயி கயிற்றை அப்பன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நானும் கூடவே நடந்தேன்.

பாதி வழியில் சொன்னாள். "இனிமே ஆட்டப் பத்தி எழுதாதீங்க. உங்களுக்கு ஆட்டப் பத்தி ஒண்ணுந் தெரியாது."

எழுத மாட்டேன் என்று சொன்னேன். கதையில் இன்றுவரை எழுதவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ விமரிசகர்கள் எனக்குக் கிடைத்தார்கள். அவ்வளவு நியாயமாக யாரும் பேசவில்லை.

ராமாயி கேட்டது

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சொல்லிக்கொண்டு போகலாம் என்று உள்ளே போனேன். ராமாயி தலைமாட்டில் இரண்டு மூட்டையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாவாயி அவள் மடியில் முகம் புதைத்துக் கிடந்தாள். இப்போதுதான் அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. ராமாயியின் கை அந்தச் சீவாத தலையைக் கோதிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, அந்தப் பொஸ்தகத்துல ஆத்தாக்காரி செத்துப்போறாளாமா?"

"தப்புப் பண்ணிட்டேங்க" என்றேன்.

"அட, படிங்க. கேக்கலாம்."

மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பைக்குள்ளிருந்து அந்தப் பிரதியை எடுத்து விலாசத் தாளைக் கிழித்தேன். படித்தேன். நான் அழுதுகொண்டே எழுதிய வரிகள். விளக்குச் சுடர் நடுங்குகிறது. அம்மா மகளின் தலையில் கை வைக்கிறாள். அவள் கை துவண்டு விழுகிறது. முற்றும்.

உயிரோடு இருக்கும் ஒருத்தியின் முன்னால் அதைப் படித்தபோது ஒவ்வொரு வரியும் என் பல்லில் கல்லாக இடித்தது.

ராமாயி காத்திருந்தாள். "அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதாங்க."

"அந்தப் புள்ள?"

எனக்குப் புரியவில்லை.

"ஆத்தா போயிட்டா, செரி. மக்கா நாளு விடியுமில்லைங்க? அந்தப் புள்ளைக்கு ஆரு தலை பின்னி உட்டாங்க? ஆரு சோறு போட்டாங்க? அப்பன் கைய ஓங்குனா ஆரு குறுக்க போய் நின்னாங்க?"

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

"தெரியாமயேவா முடிச்சுப்போட்டீங்க?" அவள் குரலில் கோபம் கிடையாது. ஆச்சரியம்தான். "இந்தக் கட்டல்ல படுத்துக்கிட்டு நான் ராவும் பகலும் அதையேதானுங்க நெனச்சுக்கிட்டிருந்தேன். நீங்க எழுதறவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு பாத்தேன்."

மறு மாதம் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். முற்றும் போட்ட கதையை எந்த ஊரில் தொடர்வார்கள் என்று கேட்டார். இந்த ஊரில் தொடர்வார்கள் என்றேன். அந்தக் கதையை இன்னும் ஒரு வருஷம் எழுதினேன். சாகசச் சம்பவம் ஒன்றும் அதில் கிடையாது. ஆனால் அந்தத் தொடர்ச்சியின் முதல் வரியை எழுதிவிட்டு, இரண்டாவது வரி தெரியாமல் எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தேன். முதல் வரி இதுதான்:

"மறுநாள் காலையில் அவள் சீப்பை எடுத்துக்கொண்டு யாரிடம் போவதென்று தெரியாமல் வாசலில் நின்றாள்."